ஒன்பதாவது படத்தின் வலப்பக்கம்

அந்த அலுவலகத்தில் அவளுக்குப் பெற்றோர் வைத்த பெயரைச் சொல்லி விசாரித்தால் வரவேற்பு மேசையில் இருப்பவளே கொஞ்சம் யோசிப்பாள். பிஎன்ஜி என்று கேட்டால் போதும், மூன்றாவது மாடி, பிரிண்டர் பக்கத்து மேசை என்று கையைக் காட்டிவிடுவாள். முகத்துக்கு நேரே பிஎன்ஜி அக்கா. முதுகுக்குப் பின்னால் வெறும் பிஎன்ஜி. அவளிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டவர்களுக்கு அந்தப் பிடாரி. மூன்றும் அவள் காதுக்கு வரும், மூன்றையும் அவள் சட்டை செய்வதில்லை.

கிடங்குகளில் சரக்கு ஏற்றி இறக்குகிறவர்களுக்கான மென்பொருள் செய்கிற கம்பெனி அது. அந்த மென்பொருளை எப்படிப் பயன்படுத்துவது என்று கையேடு எழுதுவது அவள் வேலை. திரையை ஸ்கிரீன்ஷாட் எடுக்க வேண்டும், வேர்டு ஃபைலில் ஒட்ட வேண்டும், பக்கத்தில் 'இந்தப் பட்டனை அழுத்தவும்' என்று எழுத வேண்டும். இதில் என்ன பெரிய வித்தை இருக்கிறது என்று அவளிடமே கேட்டவர்கள் உண்டு. பாவம், அவர்கள் இன்னொரு தடவை கேட்கவில்லை.

ஸ்கிரீன்ஷாட்டை யாராவது ஜேபிஜியாகச் சேமித்து அனுப்பினால் அவளுக்குப் பொத்துக்கொண்டு வரும். ஜேபிஜி ஃபோட்டோவுக்கு என்று ஏற்பட்டது. முகமோ மரமோ மேகமோ, பக்கத்துப் பக்கத்து நிறங்களை ஒன்றாகக் குழைத்து, கண்ணுக்குத் தெரியாது என்று தோன்றுவதையெல்லாம் தூக்கி எறிந்து, ஃபைலைச் சின்னதாக்கிவிடும். மேகத்தில் அது தெரியாது. எழுத்தில் தெரியும். கறுப்பு எழுத்தைச் சுற்றி அழுக்குத் தண்ணீர் தெளித்த மாதிரி புள்ளி புள்ளியாக நிற்கும். பிஎன்ஜி அப்படியில்லை. திரையில் என்ன இருந்ததோ அதை ஒரு புள்ளி சிந்தாமல் வைத்திருக்கும், என்ன, ஃபைல் கொஞ்சம் பருக்கும். "ஜேபிஜி மூஞ்சிக்கு, பிஎன்ஜி எழுத்துக்கு. இதுகூடத் தெரியாம எதுக்குங்க கம்ப்யூட்டர் முன்னாடி உக்கார்றீங்க?" என்று கேட்டுக் கேட்டு, அவள் செருப்புச் சத்தம் கேட்டாலே டெஸ்டிங் பிரிவுக்காரர்கள் ஹெட்ஃபோனை மாட்டிக்கொள்ளப் பழகிவிட்டார்கள்.

சும்மா வந்த வீம்பு இல்லை இது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவளும் எல்லாரையும் போல ஜேபிஜி ஒட்டியவள்தான். ஒரு நாள் தான் எழுதிய கையேடு கிடங்கில் எப்படிப் பயன்படுகிறது என்று பார்க்க ஆசைப்பட்டு நேரில் போனாள். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர் ஒருவர் அதன் நடுப்பக்கத்தைத் திறந்து, கையை நீட்டிப் பார்த்தார், மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுவந்து பார்த்தார், மூன்றா எட்டா என்று பக்கத்து ஆளைக் கேட்டார். அவருக்கும் தெரியவில்லை. ஓட்டுகிறவர் கையேட்டை மூடி மேசையில் வைத்து, அதன்மேல் டீ கிளாஸை வைத்தார். அந்த ஈர வட்டத்தை அவள் இன்றுவரை மறக்கவில்லை. படிக்க முடியாத படத்தை ஒட்டுகிறவன் படிக்கிறவனைக் கிள்ளுக்கீரையாக நினைக்கிறான் என்பது அவள் கட்சி.

எதிர்க்கட்சி அவளுடைய அக்கா புருஷன்.

கையேட்டுப் பிரிவின் மேலாளர் அவர்தான். அவளை அங்கே சேர்த்துவிட்டவரும் அவர்தான். சேர்த்துவிட்டதை வாரத்துக்கு ஒரு தடவையாவது நாலு பேர் முன்னால் சொல்லிக் காட்டாவிட்டால் அந்த மனுஷனுக்குத் தூக்கம் வராது. எந்தக் கையேட்டை நீட்டினாலும் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கமாட்டார். "எத்தன எம்பிம்மா?" என்று ஃபைலின் கனத்தைத்தான் கேட்பார். மெயிலில் போகாது, வாடிக்கையாளர் முணுமுணுப்பார், சர்வர் நிரம்பும் என்று அடுக்குவார். வேர்டில் 'கம்ப்ரெஸ் பிக்சர்ஸ்' என்று ஒன்று இருக்கிறது. அதை ஒரு தட்டுத் தட்டினால் எல்லாப் படமும் ஒரே அடியில் சுருங்கிப் போகும், பிஎன்ஜியானாலும் தப்பாது. அவர் கை எப்போதும் அதன்மேலேதான்.

இதற்காக இருவரும் போட்டுக்கொண்ட சண்டைகளுக்குக் கணக்கு வழக்கில்லை. கடைசியில் அவள் பிரிவுக்கே பொதுவாக ஒரு டெம்ப்ளேட் செய்தாள். சேமிக்கும்போது படங்கள் தானாகச் சுருங்கக் கூடாது என்று அதன் அமைப்பில் ஒரு டிக் போட்டு வைத்தாள். "உன் இஷ்டத்துக்கு ஆடுறதுக்கு இது உங்கப்பன் வீடா?" என்று கேட்டார் அவர். "நீங்க குடியிருக்கிறதுதான் மாமா எங்கப்பா வீடு" என்றாள் அவள். மூன்றாவது மாடியில் அன்று பிரிண்டர் மட்டும்தான் சத்தம் போட்டது.

அது உண்மையும்கூட. அப்பா விட்டுப்போன வீட்டின் கீழ்ப்பகுதியில் அக்கா குடும்பம், மேலே இவள் தனியாக. வாசல் ஒன்று, படிக்கட்டு ஒன்று. ஒருவர் வீட்டுச் சாவி இன்னொருவர் வளையத்தில் கிடக்கும். அக்காவுக்கு உடம்புக்கு முடியாவிட்டால் இவள் இறங்கிப் போய்ச் சமைப்பாள், இவளுக்குத் தலைவலி என்றால் அக்கா மாத்திரையும் வெந்நீருமாக ஏறி வருவாள். ஞாயிறு மதியம் எல்லாரும் ஒரே மேசையில் சாப்பிடுவார்கள். அந்த ஒரு வேளை மட்டும் இருவரும் அக்கா முகத்துக்காக வாயை மூடிக்கொண்டு தின்பார்கள்.

இந்த நிலைமையில்தான் தலைமை அலுவலகத்தில் ஓர் இடம் காலியானது. எல்லாக் கிளைகளின் கையேடுகளுக்கும் பொறுப்பான ஆசிரியர் பதவி. வேறு கட்டடம், வேறு மேலாளர். விருப்பமுள்ளவர்கள் மாதிரிக் கையேடு ஒன்று செய்து பிரிவு மேலாளர் வழியாக அனுப்ப வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. அதைப் படித்தபோது அவளுக்குப் பன்னிரண்டு வருஷத்து மூச்சு ஒரே மூச்சாக வெளியே வந்தது. எத்தனை எம்பி என்று கேட்க ஆளில்லாத மேசை. சேர்த்துவிட்டேன் என்று சொல்லிக்காட்ட வாயில்லாத அறை. அந்த வேலை கிடைக்காவிட்டால் இந்த மனுஷன் ஓய்வு பெறும்வரை அவர் பெயர் போட்டுக்கொள்வதற்காக இவள் உழைத்துக் கொட்ட வேண்டும். பிரிவின் வேலையில் முக்கால்வாசி அவள் மேசையில்தான் நடந்தது, கையெழுத்து மட்டும்தான் அவருடையது.

ராப்பகலாக உழைத்துச் செய்தாள். ஒவ்வொரு படமும் பிஎன்ஜி, ஒவ்வொன்றும் நூறு சதவீத அளவில், ஓர் எழுத்துகூட உடையாமல். முடித்து அவரிடம் கொடுத்தபோது அவர் வழக்கம்போல எத்தனை எம்பி என்று கேட்கவில்லை. "நல்லா வரட்டும்மா" என்றார். அப்போதே அவள் சுதாரித்திருக்க வேண்டும்.

பத்து நாளில் பதில் வந்தது. தலைமை அலுவலக இயக்குநர் ஒரு பெண்மணி, சுருக்கமாக எழுதுகிறவர். 'எழுத்து தெளிவாக இருக்கிறது. படங்கள் படிக்கும்படி இல்லை. இந்தப் பதவிக்கு அதுதான் முதல் தேவை.' அவ்வளவுதான் கடிதம்.

பிஎன்ஜி அக்காவுக்கு மங்கல் படத்தால் வேலை கிடைக்கவில்லை என்ற செய்தி டெஸ்டிங் பிரிவுக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரமாகும்? ஹெட்ஃபோன்களைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார்கள். "ஜேபிஜி மூஞ்சிக்குன்னு சொல்லும்ல, மூஞ்சியிலேயே கரி பூசிட்டாங்க" என்று ஒருவன் சொன்னது அவளுக்குக் கேட்க வேண்டும் என்றே சொன்ன மாதிரி இருந்தது.

அவள் இயக்குநரின் அலுவலகத்துக்கு எழுதி, அங்கே வந்து சேர்ந்த ஃபைலைத் திருப்பி வாங்கினாள். வேர்டு ஃபைலின் பெயருக்குப் பின்னால் இருக்கும் டாக்எக்ஸை அழித்துவிட்டு ஜிப் என்று போட்டால் அது ஒரு பெட்டி மாதிரி திறந்துகொள்ளும். உள்ளே படங்கள் மட்டும் தனியாக ஓர் உறையில் கிடக்கும். திறந்து பார்த்தாள். எல்லாம் பிஎன்ஜிதான், அவள் ஒட்டியவைதான். ஆனால் ஒவ்வொன்றும் பாதி அகலத்துக்கும் கீழே சுருங்கிக் கிடந்தது. அவள் கைக்கும் இயக்குநரின் கண்ணுக்கும் நடுவில் யாரோ கம்ப்ரெஸ் செய்திருக்கிறார்கள். நடுவில் இருந்தது ஒரே ஆள்.

"நான் தொடவேயில்ல. வந்ததை அப்படியே அனுப்பினேன்" என்றார் அக்கா புருஷன், ஒன்றும் தெரியாத பாப்பா மாதிரி. "மெயில்ல போறப்போ சுருங்கியிருக்கும்."

"மெயில்ல போனா ஃபைல் சுருங்குமா மாமா? என் காதுல என்ன பூவா இருக்கு?"

"அப்ப நிரூபி." சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

நிரூபிக்க என்ன இருக்கிறது? அவள் மேலே வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அழுகிற ஆள் இல்லை அவள், அன்றைக்கு அழுதாள். அக்கா ஏறி வந்தாள். தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டு முடியைக் கோதிவிட்டாள். "போனா போகுது விடுடி. இங்க உனக்கு என்ன குறைச்சல்? நான் இல்லையா?" என்றாள். அந்த மடி அவளுக்கு அன்று பெரிய ஆறுதலாக இருந்தது.

அடுத்த வாரம் அவர் அவளுடைய மேசைக்கு வந்தார். வந்த தோரணையிலேயே ஏதோ வேலை ஆக வேண்டும் என்பது தெரிந்தது.

"ஒரு ஃபைல் அனுப்பியிருக்கேம்மா. எழுத்துப்பிழை பாத்துக் குடு. அவசரம்."

"என்ன ஃபைல்?"

"அந்தத் தலைமை அலுவலகத்து வேலைதான். சரியான ஆள் அமையல போல, தேதிய நீட்டியிருக்காங்க. நானே போட்டுப் பாக்கலாம்னு." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "கெடச்சா உன்னையும் கூட்டிட்டுப் போயிடறேன். எனக்குக் கீழயே இருந்துக்கலாம், கவலப்படாத."

எரிகிற கொள்ளியை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டு, குளிருக்கு இதமாக இருக்கும், வைத்துக்கொள் என்கிறார். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். அவர் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு போனார். அவள் பார்த்துக் கொடுத்த ஃபைலை அவர் திரும்பத் திறந்து பார்த்த சரித்திரமே கிடையாது. வந்த கையோடு அப்படியே அனுப்பிவிடுவார். பன்னிரண்டு வருஷமாக அந்தப் பிரிவு ஓடுவதே அப்படித்தான்.

ஃபைலைத் திறந்தாள். அவளுடைய டெம்ப்ளேட். அவளுடைய எழுத்துரு. படங்களோ, சொன்னால் நம்பமாட்டீர்கள், கண்ணாடி மாதிரி இருந்தன. அத்தனையும் பிஎன்ஜி, அத்தனையும் சுருங்காத முழு அளவு. எம்பியைக் கட்டிக்கொண்டு அழுத மனுஷன் தனக்கென்று வந்ததும் அவள் விதியை ஒரு வரி விடாமல் கடைப்பிடித்திருந்தார். வருஷக்கணக்காக அவள் கத்தியது அவர் காதில் நன்றாகவே விழுந்திருக்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு எழுத்துப்பிழை திருத்தினாள். வேலை என்று வந்துவிட்டால் எதிரி எழுதியது என்றாலும் விட்டுப்போன ஒற்றெழுத்தைப் போடாமல் விடக் கை வராது அவளுக்கு.

ஒன்பதாவது படத்தின் ஓரம் சரியாக வெட்டப்படவில்லை. வலது விளிம்பில் ஒரு சாம்பல் கோடு துருத்திக்கொண்டிருந்தது. அதைச் சீராக்கலாம் என்று படத்தைத் தட்டி, கிராப் என்பதை அழுத்தினாள்.

வேர்டில் ஒரு படத்தைக் கிராப் செய்தால் வெட்டிய பகுதி போய்விடுவதில்லை. திரைக்குப் பின்னால் ஒளிந்துதான் இருக்கும். கிராப்பைத் திரும்ப அழுத்தினால் மங்கிய நிறத்தில் தலைகாட்டும். இந்தப் படத்தில் வெட்டியது கொஞ்சமில்லை, படத்தின் சரிபாதி. அவர் மேசையில் இரண்டு மானிட்டர்கள். பிரிண்ட் ஸ்கிரீன் பட்டனை அழுத்தினால் அது இரண்டு திரையையும் சேர்த்து ஒரே படமாகப் பிடித்துவிடும். இடது திரையில் கையேட்டுக்கு வேண்டிய பக்கம் இருந்திருக்கிறது. அதை மட்டும் வைத்துக்கொண்டு வலது திரையை வெட்டி மறைத்துவிட்டார்.

அவள் விளிம்பைப் பிடித்து வலப்பக்கம் இழுத்தாள்.

வலது திரையில் அவளுடைய மாதிரிக் கையேடு திறந்திருந்தது. முதல் பக்கம், தலைப்பு, அதற்குக் கீழே அவள் பெயர். அதன்மேல் கம்ப்ரெஸ் பிக்சர்ஸ் பெட்டி. 'இந்தப் படத்துக்கு மட்டும்' என்ற இடத்தில் டிக் எடுக்கப்பட்டிருந்தது, அதாவது எல்லாப் படமும் சுருங்கும். அளவுகளில் இருப்பதிலேயே சின்னதைத் தேர்ந்தெடுத்திருந்தார். கீழ்மூலையில் தேதி, அவள் ஃபைலைக் கொடுத்த அதே நாள். அவளுக்குக் குழி பறித்துக்கொண்டே பக்கத்துத் திரையில் தன் மாதிரிக் கையேட்டுக்குப் படம் பிடித்திருக்கிறார். முழு பிஎன்ஜி அல்லவா, பெரிதாக்கிப் பார்த்தாள், ஒரு புள்ளி சிந்தவில்லை.

எழுந்து போய் நாலு பேர் முன்னால் அந்த ஆளின் சட்டையைப் பிடிக்க வேண்டும் போல இருந்தது. பிடித்திருந்தால் அன்றைக்கே எல்லாம் பூசி மெழுகப்பட்டிருக்கும். குடும்ப விஷயம் என்பார்கள், அக்கா நடுவில் வந்து நிற்பாள், ஃபைல் காணாமல் போகும். அவள் உட்கார்ந்தாள். எழுத்துப்பிழைகளை முடித்தாள். பிறகு ஒன்பதாவது படத்தின் கிராப்பை எடுத்துவிட்டாள். இரண்டு திரையும் விரிந்தன. அவ்வளவு அகலம் பக்கத்தில் கொள்ளாது, அதனால் அந்தப் பக்கத்தை மட்டும் குறுக்காகத் திருப்பி, ஓரத்திலிருந்து ஓரம்வரை படத்தைத் தாராளமாக வைத்தாள். தலைப்பை அவர் எழுதியபடியே விட்டாள். 'படம் 9: வேலையின்போது தெரியும் திரை.'

"பாத்துட்டேன் மாமா" என்று சொல்லி ஃபைலைத் திருப்பி அனுப்பினாள்.

"பிரச்சன ஒண்ணும் இல்லையே?"

"ஒம்பதாவது படத்துல ஒரு ஓரம் சரியா வெட்டல. சரி பண்ணிட்டேன்."

"நீ பாத்தா போதும்மா" என்று அவர் அந்த நிமிஷமே தலைமை அலுவலகத்துக்குத் தட்டிவிட்டார். எத்தனை எம்பி என்று அப்போதும் பார்க்கவில்லை.

இயக்குநர் அவரைக் கூப்பிட்டு அனுப்பினார். போகும்போது புதுச் சட்டை. திரும்பி வந்தபோது அந்தச் சட்டைக்குள் ஆளே இல்லாத மாதிரி இருந்தார். நேராக அவள் மேசைக்கு வந்தார். டெஸ்டிங் பிரிவு முழுக்க ஹெட்ஃபோனைக் கழற்றியது.

"நீதான?"

"என்ன மாமா?"

"நான் வெட்டின படத்த..."

"வெட்டினா போயிடாது மாமா, மறைஞ்சுதான் இருக்கும். கம்ப்ரெஸ் பண்ணும்போது 'வெட்டிய பகுதிகளை நீக்கு'ன்னு ஒண்ணு வரும். அதக் குடுத்திருந்தா போயிருக்கும். ஊர்ல இருக்கிற ஃபைலையெல்லாம் கம்ப்ரெஸ் பண்ணீங்க, உங்க ஃபைல மட்டும் விட்டுட்டீங்க."

"வெஷம்டி நீ. சேத்துவிட்டவனுக்கே..."

"நிரூபின்னு சொன்னீங்க. நிரூபிச்சேன்."

மறுநாள் இயக்குநர் அவளையும் கூப்பிட்டார். சுருங்காத மூல ஃபைலைக் கேட்டார். நடுவில் யார் கையும் படக் கூடாது என்று அவளே பென் டிரைவில் எடுத்துப் போயிருந்தாள். அந்த அம்மாள் ஒவ்வொரு படமாகப் பெரிதாக்கிப் பார்த்தார். பார்த்து முடித்துவிட்டு, "அந்த ஒம்பதாவது படத்த விரிச்சு வச்சது அவரா, நீங்களா?" என்று கேட்டார்.

"நான்தாங்க."

"ரொம்ப மோசமான காரியம் அது."

"ஆமாங்க."

"ஆனா ஒவ்வொரு எழுத்தும் படிக்க முடிஞ்சது" என்றார் இயக்குநர். அடுத்த மாதம் முதல் வரச் சொன்னார்.

அந்தச் சந்தோஷத்தோடு வீட்டுக்கு வந்தாள். கீழே சமையலறை மேசையில் அக்கா துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"அக்கா, வேலை கெடச்சிடுச்சு."

"அவர மேலாளர் சீட்டுல இருந்து எடுத்துட்டாங்க. கீழ்த்தளத்துல ஏதோ பழைய ஃபைல் அடுக்குற வேலையாம்." அக்கா ஒரு சட்டையை உதறினாள். "ஒரு படம் சின்னதானதுக்கு ஒரு குடும்பத்தையே தெருவுல நிறுத்துவியாடி?"

"ஒரு படம் இல்லக்கா. என் வேலை. அவர் வேணும்னே பண்ணினார்."

"வேற என்ன பண்ணுவார்? நீ போயிட்டா அவருக்கு யாரு செஞ்சு குடுப்பா? அவரால தனியா முடியுமா? அன்னைக்குச் சாப்பிடும்போதே சொன்னார். பாவம், உன்ன விட்டா வேற கதி இல்ல அவருக்கு."

என்றைக்குச் சாப்பிடும்போது என்று அவளுக்குக் கேட்கத் தேவையிருக்கவில்லை. அந்த மடியும், முடியைக் கோதிய கையும், நான் இல்லையா என்ற குரலும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. எல்லாம் தெரிந்துகொண்டுதான் அக்கா மாடி ஏறி வந்திருக்கிறாள். இத்தனை நாள் அவள் பார்த்துக்கொண்டிருந்தது வெட்டி ஒட்டிய பாதிப் படத்தை. மீதிப் பாதி இந்தச் சமையலறையில், அவளுக்குச் சோறு போட்ட மேசையிலேயே இருந்திருக்கிறது.

"அவர் மேல உனக்கு இவ்வளவு வன்மமா?" என்றாள் அக்கா.

"அவர் மேல இருந்துச்சு" என்றாள் அவள். "இப்ப அவர் மேல இல்ல."

அக்கா அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். இவள் தன் வளையத்திலிருந்து கீழ் வீட்டுச் சாவியைக் கழற்றினாள். பழைய வளையம், நகம் வலித்தது. சாவியை மடித்த துணிகளின்மேல் வைத்துவிட்டு, தன் வீட்டுச் சாவிக்காகக் கையை நீட்டிக்கொண்டு நின்றாள்.